எழுபத்திரண்டாவது நிமிடம்

வேல்ஸில் எங்கள் ட்ரெவாலன் பள்ளத்தாக்கில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அது கல்லறை வரை கூடவே போகும். சில சமயம் அவனைக் கல்லறையில் விட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளும். ஒரே பெண்ணை இரண்டு தடவை கல்யாணம் செய்துகொண்ட கேரத்துக்கு 'மறுபடி கேரத்' என்று பெயர். ரக்பி மைதானத்தில் தூறலுக்குக் குடை விரித்து, பின்வரிசைக்காரர்களின் சாபத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டவர் குடை டாய். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வங்கியில் வேலை பார்க்கும் அவர் பேத்தியை இன்றும் குடை சியன் என்றால்தான் யாருக்கும் தெரியும். கிளப் பாரில் பீர் ஊற்றிக்கொடுக்கிற எனக்கும் ஒன்று உண்டு. அது இங்கே வேண்டாம்.

இப்படிப்பட்ட ஊரில் பட்டப்பெயரே இல்லாமல் அறுபது வயதைத் தொட்ட ஒரே ஆள் எல்வின் ப்ராஸர். அதற்குக் காரணம் அவருடைய அப்பா வில். வாலிபத்தில் ஊர் அணிக்கு ஆடியவர். ஒரு கோப்பை இறுதி ஆட்டத்தில் எதிரே ஒரு ஈ, காக்கை கிடையாது. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் போதும். நழுவ விட்டுவிட்டார். கோப்பை போயிற்று. அன்றிலிருந்து சாகும்வரை அவர் 'நழுவல் வில்'தான். அடக்கத்துக்கு வந்த மலர்வளையம் ஒன்றில்கூட அந்தப் பெயரையே எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த நாளில் எல்வின் ஒரு முடிவு எடுத்தார். ஊர் வாயில் விழும்படி ஒரு காரியமும் செய்வதில்லை.

செய்யவும் இல்லை. ஆனால் பேசினார். எல்வினுக்கு சவ ஊர்தி ஓட்டும் வேலை. வாரம் முழுக்கக் கறுப்புக் கோட்டு, இறுகிய முகம், ஒரு வார்த்தை பேசக் கூடாது. உள்ளே சேர்ந்ததையெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் வந்து கொட்டுவார். வேல்ஸில் இருக்கிற நான்கு தொழில்முறை அணிகளில் ஒன்று எங்களுடையது. அந்த அணியின் பயிற்சியாளர், நடுவர், நடுவரின் காலுறை, ஓரத்தில் ஓடுகிற பையனின் இளஞ்சிவப்பு ஷூ, எதுவும் அவர் வாயிலிருந்து தப்பாது. "ஷூ எந்தக் கலர்ல வேணா போடட்டும். பந்தைக் கீழ போட்டுட்டுத் தலைமுடியைச் சரி பண்றான் பாரு, அதைத்தான் என்னால பொறுக்க முடியல" என்பார். பாதி நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

போன வெள்ளிக்கிழமை அயர்லாந்து அணி ஒன்றோடு எங்கள் மைதானத்தில் ஆட்டம். கிளப் ஆட்கள் ஒரு பஸ் பிடித்துப் போனார்கள். எல்வின் தன் காரில் தனியாகப் போனார். பஸ்ஸில் ஏறினால் ஆட்டத்தை அலசாமல் பாட்டுப் பாடுகிறார்களாம். நான் கிளப் சமையலறையில் பட்டாணி வேகவைத்துக்கொண்டு ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்து பட்டாணியை இறக்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு எல்வின் வந்தார். பாரில் ஈ ஓட்டிக்கொண்டு நான் மட்டும்.

"ஒரு பைன்ட் ஊத்து நெரிஸ். இந்த சீசன் இத்தோட முடிஞ்சுது. பந்தை உதைக்கிற பத்தாம் நம்பர்ல ஒரு பையனைப் போட்டிருக்கானுங்களே, அவனுக்குக் காலு எதுக்கு இருக்குன்னே தெரியல. முன்வரிசை ஆளுங்க பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறானுங்க."

"அப்ப தோத்துட்டோமாண்ணே?"

"தோத்தோமாவா? பதினாறு பாயிண்ட்டு. நம்மளை வச்சுத் தரையைத் துடைச்சுட்டானுங்க."

நான் பீரை ஊற்றினேன். எண்பது நிமிட ஆட்டத்தின் கடைசி எட்டு நிமிடத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு தடவை கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி, அதற்கான கூடுதல் உதைகளையும் உள்ளே போட்டதும், ஆட்டம் முடிகிற நேரத்தில் பாதி மைதானத்திலிருந்து அந்தப் பத்தாம் நம்பர் பையன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்ததும், ஒரு பாயிண்டில் ஜெயித்ததும் எனக்குத் தெரியும். இவர் பாதியில் எழுந்து வந்திருக்கிறார். சவ ஊர்தி ஓட்டிப் பழகியவர், சொந்தக் காரிலும் ரேடியோ போடமாட்டார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பேசுகிற வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருந்தது. பயிற்சியாளரை ஆடு மேய்க்க அனுப்பும் வரைக்கும் பேசவிட்டேன்.

அப்போது பஸ் வந்து நின்றது. எங்கள் ஊரில் தோற்றாலும் பாடுவார்கள். தோற்றால் சுதி சேரும், ஜெயித்தால் வெறும் கத்தல்தான். அன்றைக்கு ஒருவர் குரலும் ஒருவரோடு சேரவில்லை. எல்வின் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நெரிஸ், என்ன ஆச்சு?"

"ஒரு பாயிண்ட்டுல ஜெயிச்சுட்டோம்ணே. அந்தக் காலுதான், எதுக்கு இருக்குன்னு தெரியலன்னீங்களே."

"நான் எப்ப வந்தேன்னு யாராவது கேட்டா..."

"நீங்க வந்ததையே நான் கவனிக்கல."

கதவு திறந்தது. முதலில் மறுபடி கேரத். "பாத்தியா மாப்ள, அந்தக் கடைசி உதையை?"

"அதைச் சொல்ல வார்த்தையே இல்ல மாப்ள" என்றார் எல்வின்.

நடுவரின் காலுறைக்கே கால் மணி நேரம் வார்த்தை வைத்திருந்த மனிதருக்கு வார்த்தை இல்லையாம். கேரத் அவரையும், பாதி காலியான கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தான்.

சனிக்கிழமை கிளப் டிவியில் வரிசையாக இரண்டு ஆட்டம். முதலாவதில் எங்களுக்குப் போட்டியான மேற்கு வேல்ஸ் அணி இத்தாலிக்காரர்களிடம் கேவலமாகத் தோற்றது. வழக்கமாக எல்வினுக்கு அது விருந்துச் சாப்பாடு. அன்று, "பாவம், அவங்களும் நல்லாத்தான் ஆடினாங்க" என்றார். இரண்டாவது ஆட்டத்தில் நடுவரைக்கூடப் பாராட்டினார். உடம்புக்கு என்ன என்று அவர் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கிளப்பில் கூடி அந்த வார ஆட்டங்களுக்குத் தீர்ப்புச் சொல்வது வழக்கம். பட்டப்பெயர்கள் விழுவதும் அந்த நேரத்தில்தான். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். இல்லையென்றால் ஊரில் பாதிப் பேருக்குப் பொய்ப்பெயர் வந்துவிடும்.

கேரத் தொண்டையைக் கனைத்தான். "எல்வின், அந்தக் கடைசி உதை எந்தக் கம்பத்துல பட்டுச்சு?"

எல்வின் அதற்குள் டிவியில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். "இடது கம்பம்."

"டிவியில பாத்தா இடதுதான். உதைக்கிறவனுக்குப் பின்னால கேமரா. உன் சீட்டு கம்பத்துக்குப் பின்னால இருக்கு மாப்ள. அங்கேருந்து பாத்தா அது வலது."

எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"நெரிஸ், நாங்க வரும்போது இவன் அரை பைன்ட் முடிச்சிருந்தான். எப்ப வந்தான்?"

"கார்லதானே வந்தாரு. வேகமா வந்திருப்பாரு."

"எல்வினா? இவனைச் சைக்கிள்காரன்கூட முந்திக்கிட்டுப் போவான்."

சிரிப்பு அடங்கும்வரை கிளாஸ் துடைத்தேன். "எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன். எல்வின் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. பட்டப்பெயர் இல்லாத அறுபது வருஷமும் என் கையிலிருந்த துணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாட்சி இல்லை என்றால் பெயரும் இல்லை. கேரத் நல்ல மனிதன், தோல்வியை ஒத்துக்கொண்டு உட்கார்ந்தான். "சரி, விடுங்கப்பா. எனக்கே நம்பிக்கை இல்ல. என்ன இருந்தாலும் நழுவல் வில்லோட மகன். பந்தை விட்ட அன்னிக்கு மைதானமே அவரைப் பாத்து ஊளையிட்டுச்சாம். எங்கப்பா சொல்வாரு. மனுஷன் விசில் ஊதற வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்தாராம். அவர் மகனா பாதியில எந்திரிச்சுப் போவான்?"

பேச்சு முடிந்துவிட்டது. எல்வின் தப்பித்துவிட்டார். அடுத்த ஆட்டத்தைப் பற்றி யாரோ ஆரம்பித்தும் விட்டார்கள். அப்போது நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"போனேன்" என்றார் எல்வின். நின்றுகொண்டிருந்தார், சவ ஊர்தி பக்கத்தில் நிற்கிற மாதிரி நேராக. "அந்தப் பொண்ணைக் கேக்காதீங்க, அவ எனக்காகப் பொய் சொல்றா. பதினாறு பாயிண்ட்டு பின்னாடி இருந்தோம், கோவத்துல எந்திரிச்சுப் போயிட்டேன். எங்கப்பா பந்தைத்தான் விட்டாரு. நான் நம்ம பசங்களையே விட்டுட்டு வந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேச்சுப் பேசிய வாயிலிருந்து அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டது அன்றுதான்.

கேரத் எழுந்து தன் கிளாஸை உயர்த்தினான். வேறு வழியில்லை, செய்தவரே சாட்சி, சட்டம் சட்டம்தான். நாங்கள் பதினாறு பாயிண்ட் பின்தங்கியது எழுபதாவது நிமிடத்தில். "எழுபது எல்வின்" என்றான்.

"எழுபது எல்வின்" என்றது கிளப்.

"இருங்க, இருங்க" என்றார் எல்வின். "எழுபத்திரண்டு. எழுபதாவது நிமிஷம் அவனுங்க பெனால்டி அடிச்சப்ப நான் சீட்டுலதான் இருந்தேன், நடுவரைத் திட்டிக்கிட்டு. பேரு வைக்கிறதுன்னா ஒழுங்கா வைங்க."

அதற்கு ஓட்டெடுப்பு நடந்தது. எழுபத்திரண்டு ஜெயித்தது. நான் அவருக்குப் புதிதாக ஒரு பைன்ட் ஊற்றி வைத்தேன். அதை அவர் ஒரே மூச்சில் பாதி வரை குடித்தார்.

"சரி எழுபத்திரண்டு, இப்பச் சொல்லு" என்றான் கேரத். "அந்தப் பத்தாம் நம்பர் பையனைப் பத்தி என்ன நினைக்கிற?"

எல்வின் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்குக் காலு எதுக்கு இருக்குன்னே தெரியல. நேரா உதைக்கத் தெரிஞ்சவனுக்குப் பந்து ஏன்யா கம்பத்துல போய்ப் படுது?"