மூன்று சீல் மாற்றியும் ஒழுகிய கார்

கராஜ் வைத்திருப்பவனுக்கு எஞ்சின் உடைந்து வந்தாலும் கவலையில்லை, கியர்பொக்ஸ் நொறுங்கி வந்தாலும் கவலையில்லை. "ஒண்ணுமில்ல பாஸ், லேசா ஒயில் ஒழுகுது" என்று ஒருவர் வந்து நின்றால்தான் கவலை. உடைந்ததைக் கழற்றி வேறு போடலாம். ஒழுகுவது அப்படியல்ல. இன்றைக்கு நிற்கும், நாளைக்கும் நிற்கும், அப்பாடா என்று நாம் உட்காரும் நேரம் பார்த்து மறுபடி சொட்டும். ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பாதையில் பதினெட்டு வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். என்னைப் போலவே காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை.

கடைவாசலில் ஒரு கறை

நவாஸ் நானாவுக்கு ஹட்டன் பஜாரில் புடவைக் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். அவருடைய கார் கால் நூற்றாண்டைத் தாண்டிய ஜப்பான் கார். அதை அவர் கடைவாசலில்தான் நிறுத்துவார். கொஞ்ச நாளாக இடது முன் சில்லுக்குப் பக்கத்தில் ஒயில் சொட்டிக் கறை விழுகிறது என்று கொண்டுவந்தார். கியர்பொக்ஸிலிருந்து முன் சில்லுக்குப் போகும் இரும்புத் தண்டுதான் எக்சல். அது வெளியே வருகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதைத்தான் சீல் என்போம். உள்ளே இருக்கும் ஒயிலை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. நானாவின் காரில் அது காய்ந்து வெடித்திருந்தது. புதியதைப் போட்டு, புது ஒயிலும் ஊற்றி, மத்தியானமே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நவாஸ் நானா தனி ஆள் இல்லை. பஜாரில் இருக்கிற பாதி வாகனங்கள் அவர் வாயைப் பார்த்துத்தான் கராஜுக்குப் போகும். மெக்கானிக்கை இங்கே பாஸ் என்போம்; அவர் என்னைக் காட்டி "ஜெகன் பாஸ்" என்றால் எல்லோருக்கும் ஜெகன் பாஸ்தான். அவர் என்னை விட்டுப் போனால் பஜாரே என்னை விட்டுப் போய்விடும். அப்படிப்பட்டவர் பத்தாம் நாள் பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். காருக்கு அடியில் விரித்து வைத்திருந்த அட்டையாம். நடுவில் ரொட்டி அளவுக்கு ஒயில் ஊறியிருந்தது. அதை என் மேசையில் மரியாதையாக வைத்துவிட்டுச் சொன்னார்: "மகன், ஒன்ட சீல் நல்லாத்தான் ஈக்கிது. ஒயில் மட்டும்தான் நிக்குதில்ல."

அட்டைகள் சேர்ந்தன

இரண்டாவது சீலை இன்னும் கவனமாகப் போட்டேன். சுத்தியலால் நேரே தட்டாமல் மரக்கட்டை வைத்து, நாலு பக்கமும் சமமாக, பூப்போலத் தட்டி இறக்கினேன். ஒயிலைப் புதிதாக ஊற்றினேன். எட்டே நாளில் இரண்டாவது அட்டை வந்தது. சீல் மட்டமானது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கொழும்பிலிருந்து ஒரிஜினல் வரவழைத்தேன். எக்சலில் சீல் உரசும் இடத்தை மிருதுவான எமரித் தாளால் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். மூன்றாவது முறையும் ஒயிலைக் குறைவில்லாமல் ஊற்றினேன். மூன்றாவது அட்டை ஆறாம் நாளே வந்தது.

நானா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் பெருமூச்சுதான் விட்டார். அவரோடு வந்திருந்த பக்கத்துக் கடை சலூன்காரர்தான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் அங்கே நிற்கிறேன் என்ற எண்ணமே இல்லாமல் சொன்னார்: "ஏன் நானா, இத ஒருக்கா வட்டகொடை செல்வத்துக்கிட்ட காட்டினா என்ன?"

அந்தப் பெயர்

செல்வம் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் காது சுடும். பொறாமைதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? டிக்கோயாவில் ஒரே கராஜில், ஒரே முதலாளியிடம் இரண்டு பேரும் தொழில் பழகினோம். நான் அவனுக்கு மூன்று வருடம் முந்தியவன். ஸ்பேனரில் எத்தனையாம் நம்பர் எது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். இன்றைக்கு நுவரெலியாவிலிருந்துகூட அவனைத் தேடி வட்டகொடைக்கு வண்டி போகிறது. டிக்கோயாக்காரர்கள் என் கராஜ் வாசலைத் தாண்டி, எனக்கு ஹோர்ன் அடித்து வணக்கமும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவன் சத்தமாகப் பேசமாட்டான், சொன்ன நாளில் வேலையை முடிப்பான், நீல நிற ஓவரோல் எப்போதும் துவைத்துப் போட்டிருப்பான். குறை சொல்ல ஒன்றாவது அகப்படாதா என்று பல வருடமாகத் தேடுகிறேன்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் பொருமினேன். "அவன் என்ன பெரிய கொம்பனா? எனக்குத் தெரியாதது அவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். சரோஜா சோற்றைப் போட்டுக்கொண்டே சாவதானமாகப் பதில் சொன்னாள்: "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அவரு வேல முடிஞ்சா கையக் கழுவிட்டுத்தான் சாவியக் குடுப்பாராம். நீங்க குடுத்தா வாங்குறவங்கதான் கையக் கழுவணும்."

வட்டகொடைக்கு ஒரு பயணம்

திங்கட்கிழமை நானா வட்டகொடைக்குப் போகிறார் என்று சலூன்காரரே வந்து சொன்னார். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். தலவாக்கலையில் சாமான் வாங்க வேண்டும் என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நான் ரயில் ஏறினேன். தலவாக்கலையில் இறங்கவில்லை. செல்வமும் தோற்க வேண்டும், நாலாவது சீலும் ஒழுக வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டேன். போகிற வழியில் ஒரு கோயில் வந்தது. அதைப் பார்த்தும் அதையேதான் கேட்டேன்.

வட்டகொடையில் அவன் கராஜில் நானா மட்டும் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார், கார் இல்லை. நானாவின் காரை அவன் பக்கத்துத் தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோயிருந்தான். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம் அது. அந்த நேரத்தில் வெறிச்சென்று கிடந்தது. தூறல் வேறு. நான் மேட்டில் ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவன் சீலைத் தொடவேயில்லை. காரை ஜெக் வைத்துத் தூக்கவுமில்லை. அடியில் படுத்து, கியர்பொக்ஸின் பக்கவாட்டில் ஒயில் அளவு பார்க்கும் நட்டைக் கழற்றினான். கழற்றியதும் ஒயில் கொட்டியது. சொட்டவில்லை, கொட்டியது. பேசினில் முக்கால் போத்தலாவது சேர்ந்திருக்கும். தானாக நின்றதும் நட்டைப் பூட்டிவிட்டு எழுந்துவிட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் சமதரையில் நிற்கும்போது அந்த ஓட்டையின் விளிம்புவரை ஒயில் இருந்தால் போதும். பழகுகிறவன்கூட முதல் வாரத்தில் தெரிந்துகொள்வது அது. ஆனால் நம் மலையில் சமதரைக்கு எங்கே போவது? என் கராஜின் தரையே ஒரு பக்கம் சரிவு. மழைத்தண்ணீர் தேங்காது என்று அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். அந்தச் சரிவில் ஓட்டை மேல்பக்கமாக இருக்கும்படி காரை நிறுத்தி, வழிகிறவரை ஊற்றினால் அளவுக்கு மீறி உள்ளே போகத்தானே செய்யும்? மிஞ்சிய ஒயில் வெளியே போக வழி தேடுகிறது, சீல் என்ன செய்யும் பாவம். முதல் தடவை ஒழுகியது பழைய சீலால். அதற்குப் பிறகு ஒழுகியதெல்லாம் என்னால். நல்ல சீல் இரண்டைக் கழற்றி எறிந்திருக்கிறேன். செல்வத்தின் கராஜும் சரிவில்தான் இருக்கிறது. அது சரிவு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் காரைச் சமதரையான பெரட்டுக் களத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

நனைந்துகொண்டு இப்படியெல்லாம் யோசித்து நின்றபோது பின்னால் யாரோ கனைத்தார்கள். தோட்டத்துக் கங்காணி. குடையைச் சாய்த்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னங்க, பேர் குடுக்க வந்தீங்களா? பெரட்டு காலையிலயே கலஞ்சிருச்சுங்களே!"

நானா திரும்பி வந்தார்

அடுத்த இரண்டு வாரம் நான் பஜார் பக்கம் தலைகாட்டவில்லை. செல்வம் நானாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான், நானா சலூன்காரரிடம் சொல்லியிருப்பார், அதற்குப் பிறகு ஹட்டனில் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. சரிவில் நிறுத்தி ஒயில் ஊற்றிய பாஸ் என்று பெயர் வைத்து முடித்திருப்பார்கள் என்றே நினைத்தேன். செல்வத்தின் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். வாசலில் வைத்து, நாலு பேர் கேட்கிற மாதிரி, ரசித்து ரசித்துச் சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் காலை நானாவின் கார் என் வாசலில் வந்து நின்றது. பிரேக் பார்க்க வேண்டுமாம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து சில்லைப் பார்த்தேன். அவர்தான் பேச்சை எடுத்தார். சொட்டுகூட ஒழுகவில்லையாம். "செல்வம் என்ன சொன்னான் தெரியுமா மகன்? ஜெகன் அண்ணன் போட்ட சீல் மாதிரி இந்தப் பக்கத்துல யாரும் போடமாட்டாங்க, சீல் படிய நாள் எடுக்கும், நான் ஒண்ணுமே செய்யல்ல, ஹட்டன்லயே நல்ல பாஸ வெச்சிக்கிட்டு ஏன் இவ்வளவு தூரம் வர்றீங்கன்னு என்னையே ஏசிட்டான்" என்றார். சீல் படிய நாள் எடுக்குமாம்! அப்படி ஒரு சங்கதி எந்தக் கராஜிலும் கிடையாது. எனக்காக ஒரு பொய்யை இவ்வளவு அழகாகச் சோடித்திருக்கிறான். எனக்கு வந்தது நன்றியா, எரிச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எரிச்சல்தான் கூடுதல்.

"வேற ஒண்ணும் சொல்லலியா நானா?" என்று மெதுவாகக் கேட்டேன். நானா சாவியை என் கையில் வைத்துவிட்டு யோசித்தார். "சொன்னான், சொன்னான். எனக்குத்தான் வெளங்கல்ல. 'அண்ணன அடுத்த தடவ மழையில நிக்கவேணாம்னு சொல்லுங்க, எறங்கி வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க'ன்னான்."

என்னைவிடக் கெட்டிக்கார மெக்கானிக் ஒருவன் இந்த மலையில் இருந்துவிட்டுப் போகட்டும், எப்படியாவது பொறுத்துக்கொள்வேன். அவன் நல்ல மனுஷனாகவும் இருக்கிறானே, அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.