ஒரு சிட்டிகை மகரந்தம்

தேனீயின் குடலைக் கிழியாமல் உருவி எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஆய்வுக்கூடத்தில் ஆளே கிடையாது. செத்த தேனீயை இடது கையில் பிடித்து, கொடுக்கின் நுனியை இடுக்கியால் கவ்வி மெல்ல இழுப்பாள். முழுக் குடலும் நூல் மாதிரி வந்துவிடும். பழுப்பாக இருந்தால் நல்ல குடல், பால்போல் வெளுத்திருந்தால் நோய். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் பாதியிலேயே அறுத்துவிட்டு, "கூண்டக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று அசடு வழிய வந்து நிற்பார்கள். இருபத்திரண்டு வருடமாகத் தேனீக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்வதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவளுடைய சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

போன வருடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தேனீயின் குடலில் நல்ல கிருமிகளும் குடியிருக்கின்றன. தீனி மாறினால் அவை என்ன ஆகும், நோய்க்கிருமி புகுந்தால் தேனீ தாங்குமா என்பதுதான் கேள்வி. முப்பது கூண்டுகளுக்கும் நோயைக் கொடுத்தார்கள். பாதிக் கூண்டுகளுக்குச் சர்க்கரைப் பாகும் மகரந்தமும். மீதிக்கு வெறும் பாகு. பாகை ஊற்றுவதும் மகரந்தத்தை நிறுத்துப் போடுவதும் கூண்டக்காவின் வேலை.

வெறும் பாகு குடித்தவை நான்காம் நாளே சாகத் தொடங்கின. காலையில் கூண்டைத் திறந்து செத்தவற்றைப் பொறுக்குவது அவள்தானே, ஆய்வை நடத்திய மேடமா வந்து பொறுக்கினார்? மிச்சமிருந்தவை வலையோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்துக் கூண்டைப் பார்த்து உணர்கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தன. அவளுக்கு மனசு கேட்கவில்லை. விரலில் ஒட்டியிருந்த மகரந்தத்தில் ஒரு சிட்டிகையை உள்ளே உதறினாள். மறுநாளும் உதறினாள். ஒரு வாரம் முழுக்க இதே கதைதான். சாவு குறைந்தது, அவளுக்கும் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

இரண்டு வகைத் தேனீக்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று முடிவு வந்தபோதுதான் தன் சிட்டிகை செய்த வேலை அவளுக்கு உறைத்தது. அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். வேலையும் போய், கெட்டிக்காரி என்ற பேரும் நாறிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் மேடம், "நம்ம கூண்டக்கா கை பட்டா தப்பே வராது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், வெட்கங்கெட்டவள்.

பூ இல்லாத மாதங்களில் வெறும் சர்க்கரைப் பாகே போதும் என்று தேனீ வளர்ப்பவர்களுக்கான கையேட்டில் அச்சடித்தார்கள். நாற்பது தேன் பெட்டிகளை நம்பிக் குடும்பம் நடத்தும் அவள் தம்பிக்கும் ஒன்று வந்தது. உடனே போன் செய்தான்.

"அக்கா, மகரந்தமே வேணாமாமே, நிஜமாவா? நீ வேலை பாத்த ஆராய்ச்சிதானே இது?"

"அதான் புத்தகத்துல போட்டிருக்காங்கல்ல" என்றாள்.

அதை நம்பாதே என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மூன்று மாதம் கழித்து, மதியம் அவள் சாப்பாட்டுப் பையைப் பிரிக்கும் நேரத்தில் தம்பி வந்து நின்றான். ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையச் செத்த தேனீக்கள். பறக்க முடியாமல் பெட்டி வாசலில் ஊர்ந்து ஊர்ந்தே செத்தனவாம். நாற்பதில் மூன்று பெட்டிதான் மிச்சம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு குடல்களை உருவிப் பார்த்தாள். ஏழு தேனீ, ஏழும் வெளுப்பு.

"புத்தகத்துல இருக்கறபடியேதான்க்கா செஞ்சேன். எங்க தப்பு பண்ணேன்னு சொல்லு."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சிட்டிகைக் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் கிழித்துப் போட்ட ஏழு தேனீக்களையும் பொறுக்கி டப்பாவில் போட்டான்.

"மேடம்கிட்ட சொன்னியா?"

"இல்லடா."

"இன்னும் அந்தப் புத்தகத்தைக் குடுத்துட்டுத்தான் இருக்காங்களா?"

அவள் தலையாட்டினாள்.

"பூச்சி சாகறதைப் பாத்து உனக்குத் தாங்கல. சரி. நான் போன் பண்ணிக் கேட்டேனே, அப்ப அந்த மனசு எங்கக்கா போச்சு?"

"வேலை போயிடும்னு பயமா இருந்துச்சுடா."

"எனக்குப் போயிடுச்சு" என்றான்.

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு நடந்தான். 'வரேன்க்கா' என்று சொல்லாமல் அவன் கிளம்பியது அதுதான் முதல் தடவை.