மவுண்டன் வியூவிலிருந்து ஒருவர்

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் இராமகிருஷ்ணன் முதலாளிக்குத் தான் உலகத்தில் இல்லை என்கிற விஷயம் 2006ஆம் வருஷம் பங்குனி மாதத்தில்தான் தெரியவந்தது. விருதுநகரில் வியாபாரிகளுக்காக நடந்த ஒரு கூட்டத்தில், டை கட்டிய ஒருவர் மேடையேறி, இணையத்தில் இல்லாதவர்கள் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிப் போனார். ஐம்பத்தெட்டு வயதுவரை உலகத்தில் இருப்பதாக நம்பி வெடி விற்றுக்கொண்டிருந்த முதலாளிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு வந்ததும், லோடு சீட்டு டைப் அடிக்கும் சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டார்.

"ஏலே சங்கிலி, நாம ஒலகத்துல இல்லையாம்லே!"

சங்கிலிமுத்து எழுந்து நின்றார். யார் வந்தாலும் எழுந்து நிற்பது அவர் வழக்கம். ஆபீசைக் கூட்டி டீ கொண்டுவரும் பேச்சியம்மாளுக்குக்கூட எழுந்து நிற்பார். "எனக்கெல்லாம் எதுக்குய்யா எந்திரிக்க? ஒக்காரு" என்று அவளும் பத்து வருஷமாகச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

"இங்கன இல்லன்னா, எங்கன மொதலாளி இருக்கோம்?"

"அதத்தாம்ல நீ இனிமே பாக்கணும்."

கம்பெனியின் இணையப் பிரிவு இப்படித்தான் உதயமாயிற்று. அதன் தலைவர், துணைத் தலைவர், கடைநிலை ஊழியர் ஆகிய மூவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சங்கிலிமுத்துவுக்கு அதற்கான தகுதிகள் குறைவில்லாமல் இருந்தன. டைப் தெரியும். தவிர, அவர் இருந்த இடத்தைவிட்டு எழுந்து போனால் ஆபீசில் யாருக்கும் தெரியாது.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை இந்த இடத்தில் சொல்லிவிடலாம், சின்னதுதான். வயது நாற்பத்து மூன்று. ஊர் ஏழாயிரம்பண்ணை. காலையில் ஊரே கம்பெனி வேன்களில் ஏறி ஒரு பக்கம் போகும்போது, அவர் மட்டும் பஸ் ஏறி எதிர்ப்பக்கம் சிவகாசிக்குப் போவார். ஊரில் அவர் ஆபீஸ்காரர். அவர் வந்தால் முதலாளி காதுக்குப் போய்விடும் என்று பேச்சு நின்றுவிடும். ஆபீசில் அவர் ஏழாயிரம்பண்ணைக்காரர். அங்கே பேச்சு தொடங்குவதே இல்லை. அப்பா அம்மா இல்லை. ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்த தங்கை பொங்கலுக்கு மட்டும் போன் செய்வாள். பெண் பார்க்கப் போன ஐந்து வீட்டிலும் கேசரி நன்றாக இருந்தது. அது மட்டும்தான் நன்றாக இருந்தது.

மாடியில், விற்காமல் நின்றுபோன வெடிகளின் லேபிள்கள் அடுக்கியிருந்த அறையைப் பாதி காலி செய்து, கம்ப்யூட்டரை வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு ஏசி. ஏசிக்காகக் கண்ணாடிக் கதவு. தூசி ஆகாது என்று செருப்பு வெளியே. பேச்சியம்மாளின் விளக்குமாறும் வெளியே. இருபது வருஷம் நாலு பேருக்கு நடுவே தனியாக இருந்த மனிதருக்கு, இப்போது முறைப்படி தனியறையும் கிடைத்துவிட்டது.

மதுரையிலிருந்து அன்பரசன் என்பவர் வந்து ஐந்து பக்கத்தில் ஒரு வெப்சைட் போட்டுக்கொடுத்தார். முதல் பக்கத்தில் ஒரு புஸ்வாணம் ஓயாமல் எரியும். அடியில், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் மீட்டர் ஓடும். முதல் நாள் மீட்டர் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. அதில் முதலாளியின் மைத்துனர் மட்டும் நாற்பது. ஒரு வாரத்தில் சொந்தக்காரர்களுக்கும் அலுத்துப்போய், மீட்டர் நாளைக்கு மூன்று என்று நின்றது.

யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று பார்க்கவும் அன்பரசன் ஒரு பட்டியலைத் திறந்துகாட்டிவிட்டுப் போயிருந்தார். சங்கிலிமுத்து தினமும் காலையில் அதைப் பார்ப்பார். மூன்று வரி இருக்கும். சிவகாசி: அது முதலாளி, வீட்டிலிருந்து. சிவகாசி: அது அவரேதான். மூன்றாவது வரியில், அமெரிக்காவில் மவுண்டன் வியூ.

முதல் நாள் ஏதோ தவறு என்று நினைத்தார். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும்.

மவுண்டன் வியூ என்றால் மலை தெரிகிற ஊராக இருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. நம் பக்கத்து ஆள் யாரோ, வெம்பக்கோட்டையிலிருந்தோ தாயில்பட்டியிலிருந்தோ போய் அங்கே தங்கிவிட்டவர். தனியாளாகத்தான் இருக்க வேண்டும். குடும்பஸ்தனுக்கு ஒரு பட்டாசுக் கம்பெனியின் விலாசத்தைத் தினமும் படிக்க நேரம் ஏது? ஜன்னல் வழியே மலையைப் பார்ப்பார். அலுத்தால் நம் புஸ்வாணத்தைப் பார்ப்பார். பேச ஆள் கிடையாது.

அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் வருகிறவருக்கு அதே ஐந்து பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது, நேற்று வைத்த குழம்பையே சூடு பண்ணி ஊற்றுவதுபோல் அவருக்குக் கூச்சமாக இருந்தது. அன்பரசனுக்குப் போன் போட்டு, புதுப்பக்கம் சேர்ப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்கு 'இன்று' என்று பெயர் வைத்தார். தினமும் காலையில் எழுதினார்.

"வாங்க. சாப்பிட்டீகளா? சிவகாசியில் இன்று வெயில் நூற்று நான்கு. பட்டாசு காய்வதற்கு நல்ல வெயில். மனுஷன் காய்வதற்கும் நல்ல வெயில். நேற்று வந்தவுடன் போய்விட்டீர்கள். வேலை இருந்திருக்கும்."

"வாங்க. தாயில்பட்டிப் பக்கம் நேற்று மழை. காயவைத்த சங்குசக்கரத்தை எல்லாம் அள்ளி உள்ளே போட்டார்கள். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. மழை நாளில் இப்படி ஆவது அபூர்வம்."

"வாங்க. சாப்பிட்டீகளா? பேச்சியம்மாள் இன்று டீயில் சர்க்கரை போடவில்லை. கேட்டால், ஒனக்கு சர்க்கரை வந்துரும்யா என்கிறாள். இதையெல்லாம் யோசிக்க ஒருத்தி இருக்கிறாளே என்று குடித்துவிட்டேன்."

மவுண்டன் வியூக்காரர் ரசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தினம் ஒரு தடவை வந்தவர் இரண்டு தடவை வந்தார். கார்த்திகை வாக்கில் எட்டுத் தடவை. சங்கிலிமுத்து புதுச்சட்டை ஒன்று எடுத்தார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் அவராலும் சொல்லியிருக்க முடியாது. ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டார். திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தால், அந்த இரண்டு நாளும் மவுண்டன் வியூக்காரர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். பூட்டிய வீட்டு வாசலில் விருந்தாளியை நிறுத்திவிட்டதுபோல் ஆகிவிட்டது. அன்றைக்கு எழுதியது முழுக்க மன்னிப்புதான். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பது உட்பட.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில், பெங்களூரிலிருந்து ஓர் அம்மா கம்பெனிக்குப் போன் செய்தார். கம்ப்யூட்டரில் தமிழில் சிவகாசி பட்டாசு என்று தேடினேன், முதல் இடத்தில் உங்கள் கம்பெனிதான் வந்தது, எங்கள் அடுக்குமாடியில் நூறு வீட்டுக்கும் கிப்ட் பாக்ஸ் வேண்டும் என்றார். போனை வைக்கும்போது, "டீயில சர்க்கரை போடாத அந்த அம்மா சௌக்கியமா?" என்றும் விசாரித்தார்.

முதலாளிக்குக் கடைசிக் கேள்வி புரியவில்லை. ஆனால் முதல் இடம் புரிந்தது. கோயமுத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் அதேபோல் ஆர்டர் வரவே, மாடியேறி வந்து, செருப்பைக் கழற்றி, கம்ப்யூட்டர் நெற்றியில் சந்தனம் வைத்தார். மற்ற முதலாளிகளைக் கூட்டிவந்து முதல் இடத்தைத் தரிசனம் செய்துவைத்தார். கூட்டம் நெருக்கியதில் சங்கிலிமுத்து லேபிள் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவருக்கு இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு இல்லை. பெங்களூர், கோயமுத்தூர் எல்லாம் வியாபாரத்துக்கு வருகிறவர்கள். மவுண்டன் வியூ அப்படியா? ஒரு கம்பிமத்தாப்புகூடக் கேட்டதில்லையே.

தை மாதம் முதலாளியின் மகள் அனுப்பிரியா சென்னையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்தாள். வெப்சைட்டைப் படித்துவிட்டு மாடிக்கு வந்தாள்.

"அண்ணே, கம்பெனி வெப்சைட்ல ஒங்க காய்ச்சல் எதுக்குண்ணே?"

"ரெண்டு நா எழுதாம போயிட்டேன் பாப்பா. காரணம் சொல்லணும்லா?"

"யார்ட்ட?"

நின்றபடியே பட்டியலைத் திறந்து காட்டினார். அனுப்பிரியா பார்த்தாள். சிரிக்கத் தொடங்கியவள், அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணே, இது ஆளே இல்லண்ணே. கூகுளோட மெஷின். எந்தெந்த வெப்சைட்ல என்ன இருக்குன்னு தானா போயிப் பாத்துக்கிட்டே இருக்கும். அந்தக் கம்பெனி இருக்க ஊருதான் மவுண்டன் வியூ."

சங்கிலிமுத்து பட்டியலில் மவுண்டன் வியூ வரியை இன்னொரு தடவை படித்தார்.

"எல்லாத்துக்குமா போகும்?"

"எல்லாத்துக்கும்."

மெஷின் என்பதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். எல்லார் வீட்டுக்கும் போகிறது என்பதுதான் சுட்டது.

"தமிழு தெரியுமா அதுக்கு?"

"நம்மள மாதிரி புரியாதுண்ணே. எழுத்தச் சேத்து வச்சுக்கிடும், அம்புட்டுதான்."

"தெனமும் வந்துச்சு பாப்பா."

"வரும்ணே. இந்தப் பக்கம் இல்லாட்டியும் வரும்" என்றாள் அனுப்பிரியா. எம்.பி.ஏ.வில் அந்தப் பாடம் மட்டும் விட்டுப்போயிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை: அந்த மெஷின் தினம் புதுசாக எழுதுகிற இடத்துக்குத்தான் அடிக்கடி வரும், தமிழில் பட்டாசைப் பற்றித் தினமும் எழுத அப்போது வேறு ஆளே இல்லாததால்தான் முதல் இடம் கிடைத்தது.

சித்திரையில் சென்னைக் கம்பெனி செய்த புது வெப்சைட் வருவதாக முடிவாயிற்று. 'இன்று' பக்கம் எடுக்கப்படும். சொல்லிக்கொள்ள ஒரு நாள் மட்டும் கேட்டு வாங்கி, சங்கிலிமுத்து எழுதினார்:

"வாங்க. இன்றோடு இந்தப் பக்கம் முடிகிறது. நீங்கள் ஆள் இல்லை என்று பாப்பா சொன்னாள். இத்தனை நாளும் சாப்பிட்டீகளா, சாப்பிட்டீகளா என்று கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போயிட்டு வாங்க."

புது வெப்சைட் மிகவும் கம்பீரமாக இருந்தது. திறந்தால் திரை இருட்டாகும். ஒரு ராக்கெட் கிளம்பும். அன்றைய நெட் வேகத்துக்கு அது உச்சிக்குப் போய் வெடிக்க இரண்டு நிமிஷம் ஆகும். வெடித்தால் கம்பெனிப் பெயர் நாதஸ்வரத்தோடு இறங்கும். எல்லாம் படம், எழுத்தாக ஒரு வரி இல்லை. ராக்கெட் ஒழுங்காகப் போகிறதா என்று காலையில் ஒரு தடவை பார்ப்பதுதான் இப்போது சங்கிலிமுத்துவின் உத்தியோகம். மிச்ச நேரம் பட்டியலைப் பார்த்தார். மவுண்டன் வியூ தினமும் வந்தது, பிறகு வாரம் ஒரு தடவை வந்தது. ஆடியில் நின்றுபோயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள் தட்டினால், அவர் எழுந்து நின்று டீயை வாங்கிக்கொண்டு மறுபடி உட்காருவார்.

ஆவணியில் அனுப்பிரியாவைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். புரட்டாசியில், சீசன் உச்சத்தில், போன் அடிக்காததைக் கவனித்த முதலாளி மாடியேறி வந்தார். தேடச் சொன்னார். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டில் இல்லை. ஏழாவது பக்கத்தில், ஓர் ஊறுகாய்க் கம்பெனிக்குக் கீழே இருந்தது.

"ஏலே சங்கிலி! எங்கல போச்சு நம்ம மொத எடம்?"

"வாரவுக வாரதில்ல மொதலாளி."

"எவம்ல அது?"

சங்கிலிமுத்து சொன்னார். மெஷின் என்பதையும் சேர்த்தே சொன்னார். "படிக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு. ராக்கெட்ட அதுக்குப் படிக்கத் தெரியாது போல."

"அப்பம் படிக்கதுக்கு எதையாச்சும் எழுதிப் போடேம்ல!"

"காய்ச்சல் அது இதுன்னு எழுதக் கூடாதுன்னு பாப்பா..."

"காய்ச்சல எழுது. வயித்தாலப் போனா அதையும் எழுது. எனக்கு மொத எடம் வரணும்!"

முதலாளி இறங்கிப் போனார். சங்கிலிமுத்து அன்பரசனைக் கூப்பிட்டு, ராக்கெட்டுக்குப் பக்கத்தில் 'இன்று' பக்கத்துக்கு ஒரு வழி வைக்கச் சொன்னார். உட்கார்ந்து "வாங்க" என்று அடித்தார். அதற்குமேல் கை ஓடவில்லை. சாப்பிடாது என்று தெரிந்தபிறகு, சாப்பிட்டீகளா என்று எப்படிக் கேட்பது? கேட்காமலும் எப்படி இருப்பது, மாதக்கணக்கில் பார்க்காத ஆளை? அரை மணி நேரம் யோசித்துவிட்டு, கேட்டுவிட்டார். பிறகு, மழை இன்னும் இல்லை என்றும், பஸ் கட்டணம் அப்படியே இருக்கிறது என்றும், பேச்சியம்மாள் மறுபடி சர்க்கரை போட ஆரம்பித்துவிட்டாள், ஏன் என்று கேட்கவில்லை என்றும் எழுதினார்.

மறுநாள் பட்டியலில் சிவகாசி, சிவகாசி. அதற்கு மறுநாளும் அதேதான். பத்து நாள் எழுதினார்.

பதினோராம் நாள் காலையில் டீயோடு வந்த பேச்சியம்மாள் கண்ணாடியைத் தட்டக் கை ஓங்கியவள், அப்படியே நின்றாள். அவள் தட்டுவதற்கு முன்பாகவே சங்கிலிமுத்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவள் பக்கம் பார்த்து அல்ல. கம்ப்யூட்டரைப் பார்த்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. அவள் கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள்.

"என்னய்யா எந்திரிச்சு நிக்க? மொதலாளி வாராகளா?"

"இல்லக்கா. வேற ஆளு."

பேச்சியம்மாள் மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். யாரையும் காணோம்.

"சொல்லக்கூடாதா? ஒரு டீதான கொண்டாந்தேன்."

"போதும்க்கா" என்றார் சங்கிலிமுத்து. "அவுக குடிக்க மாட்டாக."