மேம்பாலம் ஏறும்போது மட்டும் வரும் சத்தம்

காருக்குள் கேட்ட ஒரு சத்தத்துக்காக என் மனைவியின் வளையல்களை மூன்று நாள் சந்தேகப்பட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருவதைப் படிக்கும்போது உங்களுக்குப் பெரிய அதிர்ச்சி இருக்காது.

சத்தம் மேம்பாலம் ஏறும்போது மட்டும் வரும். எவர்சில்வர் டப்பாவில் கொண்டைக்கடலையைப் போட்டுக் குலுக்குவதுபோல டிக் டிக் டிக். சமதளத்தில் இல்லை, இறக்கத்தில் இல்லை. வளையலைக் கழற்றச் சொன்னேன், கழற்றினாள். மறுபடி ஏறினோம், டப்பா குலுங்கியது. வளையலை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

வேறு சமயமாக இருந்தால் ரேடியோவைச் சத்தமாக வைத்துச் சமாளித்திருப்பேன். ஆனால் வருகிற திங்கட்கிழமை அவள் துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வேண்டும். பிள்ளை பிறந்தபோது வேலையை விட்டவள், பதினோரு வருஷம் கழித்து மறுபடி போகிறாள். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், அவளுக்கு முதுகு வலி, நின்றுகொண்டு போக முடியாது. கார் சரியாக இருந்தால் சேருவது, இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுவது என அவளே முடிவு செய்திருந்தாள். அதற்காகவே லைசென்ஸ் எடுத்திருந்தாள். நான்தான், "சத்தம் போற வரைக்கும் நீ தொடாதே, நடு ரோட்டுல நின்னா என்ன பண்ணுவே?" என்று சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ரயில்வே பட்டறையில் எனக்கு இருபது வருஷ சர்வீஸ். அதனால் உறவினர்கள் எல்லோரும் எனக்கு இன்ஜின் தெரியும் என்று நம்புகிறார்கள். பட்டறை அலுவலகத்தில் ஃபைல் நகர்த்துகிறேன் என்பதை நானும் அழுத்திச் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் என்னால் உட்கார முடியவில்லை. மிக்ஸி ஓடினால் எழுந்து போய் நின்று கேட்டேன். ஆபீஸ் மின்விசிறி இரண்டில் ஓடும்போது அதே சத்தம், மூன்றில் இல்லை. போனில் வீடியோக்களாகப் பார்த்து அதற்கு 'நாக்கிங்' என்று பெயர் கண்டுபிடித்தேன். பெட்ரோல் தன் வேளை வருமுன் உள்ளே தானாகப் பற்றிக்கொண்டு வெடிக்குமாம். விட்டால் பிஸ்டனில் ஓட்டையே விழும் என்றார் வீடியோவில் ஒருவர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. பங்க் மாற்றினேன். விலை கூடிய பெட்ரோல் போட்டேன். பிளக் நான்கையும் புதிதாக மாற்றினேன். பாலம் ஏறினேன். டிக் டிக் டிக்.

வெள்ளிக்கிழமை அவள் தொழிற்சாலைக்கு முடியாது என்று சொல்லப் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கிறேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை இருவருமாக எடமலைப்பட்டி புதூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். பழைய கார்களுக்குப் பேர்போனவர். நான் வீடியோவில் கற்றதையெல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். அவர் துணியில் கை துடைத்து முடிக்கும்வரை கேட்டார். பானெட்டைத் திறக்கவே இல்லை. எங்களை ஏற்றிக்கொண்டு ஜங்ஷன் மேம்பாலத்தில் தானே இரண்டு முறை ஏறி இறங்கினார். கார் கோயிலுக்குப் போகிற பிள்ளைபோல அடக்கமாக வந்தது.

"உங்களைப் பாத்து பயந்துருச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இறங்கிப் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொன்னார்.

பாதிப் பாலத்தில் வந்தது சத்தம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கேட்டீங்களா, கேட்டீங்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என்ன கியர்ல வர்றீங்க?"

"நாலு."

"ஸ்பீடு?"

"முப்பது இருக்கும்."

"ஏன் சார்?"

பெட்ரோல் மிச்சமாகும் என்று விளக்கினேன். வீட்டுத் தெருவில் நாலாவதைப் போட்டால் சித்திரை வீதியில் மாடு குறுக்கே வந்தாலும் மாற்றுவதில்லை என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பின்சீட்டிலிருந்து அவர் முன்னால் சாய்ந்தார்.

"மூட்டை தூக்கிட்டு மாடி ஏறுறவன மூணு மூணு படியா தாண்டச் சொன்னா முனகத்தான் சார் செய்வான். மேடு வந்தா கியரக் குறைங்க. வண்டில ஒண்ணுமில்ல." பிறகு என் மனைவியைப் பார்த்து, "நீங்க ஓட்டுவீங்களாம்மா? ஒரு தடவ ஏறிக் காட்டுங்க" என்றார்.

பாலம் இறங்கி நிறுத்தி, ஒரு வாரமாகச் சட்டைப் பையில் வைத்திருந்த அதிகாரத்தைச் சாவியோடு அவளிடம் கொடுத்துவிட்டு இடது பக்கம் மாறி உட்கார்ந்தேன். மேடு தொடங்குமுன் இரண்டாவதுக்குக் குறைத்தாள். பாலத்தின் உச்சிவரை இன்ஜின் ஒரே குரலில் பாடிக்கொண்டு போனது. மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே ஜங்ஷனை வேடிக்கை பார்த்தார். நான் சத்தம் வந்துவிடக் கூடாதா என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வேண்டிக்கொண்டேன்.

அவரைக் கடையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். காவிரிப் பாலம் வரை நான் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"திங்கக்கிழமை முதல் நாள் ஆச்சே, லீவு போட்டுட்டு நானே கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்ல இருங்க."