எட்டு மீட்டர் வட்டத் தொட்டி

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு கல்லூரி விடுதியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் ஆபரேட்டராகப் பணிபுரிந்தபோது நிகழ்ந்தது இது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மோட்டாரும் வால்வும் கைப்பழக்கத்தில் வசப்பட்டன. கணக்கு மட்டும் வசப்படவில்லை. அந்த வேலையிலோ கணக்கின்றி ஒன்றும் நடவாது. தொட்டியின் கொள்ளளவு தெரிந்தால்தான் அதில் மிதக்கும் கசடின் எடை தெரியும். எடை தெரிந்தால்தான் போட வேண்டிய மருந்தின் அளவு தெரியும்.

அந்தக் குறையை எனக்குத் தீர்த்து வைத்தவர் என் மனைவி. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். காலை எட்டு மணிக்கு அளவுகளைத் தொலைபேசியில் சொல்வேன். திருக்கோகர்ணத்து வீட்டில், அடுப்பு வேலைக்கு நடுவே, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பெருக்கி வகுத்து விடை சொல்வார்.

அவ்வாண்டு விடுதியில் மாணவர்கள் பெருகியதால் புதிதாக ஒரு தொட்டி கட்டினார்கள். பழையது செவ்வகம், இது வட்டம். சில வாரங்களில் அதில் நூல் நூலாக ஒருவகை நுண்ணுயிர் மிகுந்து, கசடு அடியில் படியாமல் மிதந்தது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சிறிது சிறிதாக விட்டால் அது அடங்கும். அளவு மிஞ்சினாலோ, கழிவைத் தின்று நீரைத் தெளியவைக்கும் நல்ல உயிர்களும் சேர்ந்து மடியும். பிறகு விடுதியின் அழுக்கு அப்படியே வேலிக்கு அப்பால் உள்ள கண்மாய்க்குப் போகும். ஊர் மாடுகள் தண்ணீர் குடிக்கும் கண்மாய் அது.

வழக்கம்போல் தொலைபேசியை எடுத்தேன். புதிதாக வந்திருந்த பொறியாளர் சிரித்தார்.

"என்னண்ணே, வீட்டுல உத்தரவு வாங்கித்தான் மருந்து போடுவீங்களா?"

உடனிருந்த இருவரும் சிரித்தார்கள். தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, நானே கணக்கிட அமர்ந்தேன். வட்டத்தின் குறுக்களவில் பாதியை எடுத்துப் பெருக்க வேண்டும். தொட்டிப் பலகையில் அகலம் எட்டு மீட்டர், ஆழம் மூன்று மீட்டர் என்று எழுதியிருந்தது. நான்கு என்று கொள்ளாமல் அந்த எட்டையே வைத்துப் பெருக்கினேன். அறுநூற்று மூன்று கன மீட்டர். பதினெட்டுக் கிலோ பவுடர். இன்னொரு முறை பெருக்கினேன். அதே விடை. பெருமையோடு கரைத்து வால்வைத் திறந்தேன்.

பதினொரு மணிக்கு என் மனைவியே அழைத்தார்.

"என்னங்க, இன்னிக்குக் கணக்கு இல்லையா?"

"நானே போட்டுட்டேன்."

"அட! எவ்வளவு வந்துச்சு?"

சொன்னேன். தொட்டியின் அகலத்தையும் ஆழத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எட்டு மீட்டர் அகலந்தானே சொன்னீங்க? எட்டுக்கு எட்டு சதுரமாக் கட்டியிருந்தாலே, மூணு மீட்டர் ஆழத்துக்கு நூத்தித் தொண்ணூத்திரண்டுதான் வரும். அந்தச் சதுரத்துக்குள்ள அடங்குற வட்டம் எப்புடிங்க அறுநூறு புடிக்கும்? தொட்டிய ஊதிப் பெருசாக்கிட்டீங்களா?"

ஓடிப்போய் வால்வை மூடினேன். போட வேண்டியது நாலரைக் கிலோ. அதற்குள் ஆறு கிலோ இறங்கியிருந்தது. கண்மாய்க்குப் போகும் வழியை அடைத்து, நீரைப் பழைய தொட்டிக்குத் திருப்பினேன். நான்கு நாட்கள், காலைதோறும் கண்ணாடி ஜாடியில் கசடு நீரை எடுத்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கலங்கியே கிடந்தது. ஐந்தாம் நாள் கசடு மெல்லப் படிந்து, மேலே நீர் தெளிந்தது.

"அளவு மிஞ்சுனத எப்புடிண்ணே கண்டுபுடிச்சீங்க?" என்று வியந்தார் பொறியாளர்.

"சந்தேகமா இருந்துச்சு சார். திரும்பப் போட்டுப் பாத்தேன்" என்றேன். அவர் என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

வீட்டில், நீர் தெளிந்ததை மட்டும் சொன்னேன். மனைவியின் முகம் மலர்ந்தது.

"அந்தத் தொட்டிய எனக்கும் ஒரு தடவ காட்டுங்களேன். பஸ்ஸப் புடிச்சு வாரேன்."

"அந்த நாத்தத்துல ஒனக்கென்ன வேலை?" என்றேன்.

நாற்றம் காரணமன்று. அவர் அங்கே வந்து இரண்டு வார்த்தை பேசினால், கணக்குக்கு உரியவர் யார் என்பது விளங்கிவிடும் என்ற அச்சமே காரணம். மேலும் இரண்டு முறை கேட்டார். பின்பு கேட்கவில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு வாரக் காய்ச்சலில் காலமானார்.

அதன் பிறகு நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்து நானே கற்றேன். வட்டமோ சதுரமோ, இன்று பிழையின்றிப் போடுவேன். சரிதானா என்று கேட்கத்தான் ஆளில்லை. அந்தத் தொட்டியின் விளிம்பைச் சுற்றி வர இருபத்தைந்து மீட்டர்தான்; அவ்வளவு தூரம் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்து, எல்லோர் காதிலும் விழும்படி "கண்மாயைக் காப்பாத்துனது இவங்கதான்" என்று ஒருமுறை சொல்லியிருக்கலாமே என்ற ஏக்கம் இந்த வயதிலும் என்னை விட்டு அகலவில்லை.