வயிற்றெரிச்சலோடு ஒரு பேக்-செக்

1. மேடம் கூப்பிட்ட நாள்

நாற்பத்தாறு வயதில் பிஎச்.டி. சேர்ந்தவனுக்கு எதிரி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. முட்டியும் மூக்குக் கண்ணாடியும் போதும். எனக்குக் கூடுதலாக நிவேதாவும் வாய்த்தாள்.

இருவரும் ஒரே பேராசிரியரிடம் கிராமத்து வீட்டுவசதி பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தோம். அவளுக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம். எனக்குக் கல்வராயன் மலை. வீடு வீடாகப் போய், சுவர் என்ன, கூரை என்ன, எத்தனை அறை, எத்தனை பேர் என்று கேட்டு போனில் உள்ள சர்வே ஆப்பில் ஏற்ற வேண்டும். வீட்டு முன்னால் வீட்டுக்காரரை நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். இதுதான் வேலை.

நிவேதாவுக்கு என் வயதில் பாதிதான். நான் எக்செல்லில் ஒரு கட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் புரோகிராம் எழுதி, மேப் போட்டு, அதற்குக் கலரும் அடித்திருப்பாள். சர்வேக்குப் போன இடத்தில் அவளுக்கு மோர் கொடுப்பார்கள். எனக்கு நாயை அவிழ்த்துவிடுவார்கள்.

ஒருநாள் மேடம் எங்களைக் கூப்பிட்டார். “ப்ராஜெக்ட்ட இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சிருக்காங்க. ஆனா ஒரு ஆளுக்குத்தான் இடம். யார் டேட்டா நிக்குதோ அவங்களுக்கு. நிவேதாவோடத நீங்க பேக்-செக் பண்ணுங்க. உங்களோடத அவ பண்ணட்டும்.”

பேக்-செக் என்றால், ஒருவர் எடுத்த சர்வேயில் பத்துக்கு ஒரு வீட்டை இன்னொருவர் போய் மறுபடி கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது. டுடோரியல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவன் நான். இந்த இடம் போனால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது? ஆனாலும் நான் பதறவில்லை. நிதானமாக வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். பாட்டில் மூடியைத் திறக்காமல்.

2. எலவனாசூர்கோட்டையில் துப்பறிவாளன்

பத்துக்கு ஒரு வீடு போதும். நான் விட்டேனா? அவள் போன எந்த வீட்டையும் விடவில்லை. மச்சு என்று எழுதியிருந்தால் கழுத்து சுளுக்க அண்ணாந்து பார்த்தேன். அறைகளை டேப் வைத்து அளந்தேன். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும்.

ஒரு வீட்டுப் பெரியவர் கடுப்பாகிவிட்டார்.

“இன்னா சார், அந்தப் பொண்ணுதான் எல்லாத்தையும் கேட்டுகினு போச்சே. மறுபடியும் இன்னாத்துக்கு?”

“அந்தப் பொண்ணு தப்பா எழுதியிருக்கலாம் இல்லீங்களா?”

“தப்பா? உள்ள வந்து குந்தி, ஒவ்வொண்ணா கேட்டு, எழுதுனத திருப்பிப் படிச்சுக் காட்டுச்சு. நீங்க இன்னான்னா வாசல்லயே நின்னுகினு கூரைய மொறைக்கிறீங்க.”

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “லோன் கம்பெனி ஆளான்னு கேளுய்யா மொதல்ல!”

ஒரு தப்பும் கிடைக்கவில்லை. “பிழை இல்லை” என்று நான் எழுதிய அன்று என் வயிற்றில் எரிந்த நெருப்பில் ஒரு கொப்பரை வெல்லம் காய்ச்சியிருக்கலாம்.

3. பசு வந்தது

எனக்கும் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. என் மலை டேட்டா அவ்வளவு பரிதாபமானது. குனிந்தால்தான் நுழைய முடியும் என்கிற வீடுகள். பாதிச் சுவர், தட்டி மறைப்பு, ஒரே இடத்தில் ஏழு பேர். போட்டோக்களைப் பார்த்து மேடம் கண்கலங்குவார், இடம் எனக்குத்தான் என்று இருந்தேன்.

நிவேதா மலையேறிய அன்று வழிகாட்டுவதாகச் சொல்லி நானும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். உண்மையில் வேவு பார்க்கத்தான்.

“சர்வே எடுத்தவங்க கூட வரக்கூடாதுண்ணா.”

“நான் தள்ளி நின்னுக்கறேம்மா.”

கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் பலித்தது. ஆள்தான் மாறிவிட்டது.

வெள்ளிமலைக்கு அப்பால் பச்சையம்மா என்ற பெண்ணின் வீடு. அந்த ஏழு பேர் வீடு இதுதான். என் சர்வேயின் நட்சத்திரம். நாங்கள் போய்ச் சேரும்போது சாயங்காலம். நிவேதா அந்தத் தட்டிக்கு முன்னால் பச்சையம்மாவோடு தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். நான் சொன்னபடி தள்ளி, சாமை வயல் ஓரம் நின்றேன்.

அப்போது மேய்ச்சல் முடிந்து ஒரு பசு வந்தது. என்னைத் தாண்டி, நிவேதாவைத் தாண்டி, நேராக நான் ‘வீடு’ என்று எழுதியதற்குள் நுழைந்தது. தன் இடத்தில் படுத்து அசைபோட ஆரம்பித்தது. பின்னாலேயே கன்று. அதன் பின்னால் இரண்டு ஆடு.

“இவங்களையும் சேத்துத்தான் ஏழாக்கா?” என்றாள் நிவேதா.

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இன்னா பண்றதும்மா? அந்த சார் வந்ததும் வராததுமா போனைத் தூக்கிகினு ‘வூட்டு முன்னாடி நில்லுங்க’ன்னாரு. அப்பிடி நிக்க வெச்சு போட்டோ புடிச்சா, அது கவர்மெண்டு வூடு குடுக்கத்தான? ஊரே அவங்கவங்க மாட்டுக் கொட்டாய் முன்னாடி ஓடிப்போயி நின்னுச்சு.”

“அப்ப உங்க வீடு?”

அவர் தோட்டத்துக்குப் பின்னால் கைகாட்டினார். மண்சுவர் வைத்த கூரை வீடு, இரண்டு அறை. “அதுவும் மழ வந்தா ஒழுவுதும்மா. ஆனா நின்னுகினு இருக்குல்ல? அத காட்டுனா எவன் குடுப்பான்?”

ஊரே என்றால் என் டேட்டா முழுக்க. நான் சட்டென்று சாமைக்குள் குந்தி ஒளிந்துகொண்டேன். சாமை முழங்கால் உயரம்தான்.

“சார், பயிர மெறிக்காதீங்க!” என்றார் பச்சையம்மா.

4. தீர்ப்பு

மேடம் இரண்டு அறிக்கைகளையும் படித்துவிட்டு நிமிர்ந்தார். “உங்க மலை டேட்டா மொத்தமும் போச்சு. வெறும் கொட்டாய் சர்வே.”

“நிவேதாவோடது மேடம்?”

“ஒரு பிழையும் இல்ல. அத நான் நம்பறதுக்குக் காரணமே நீங்கதான். பத்துக்கு ஒண்ணு பாக்கச் சொன்னா எல்லாத்தையும் அளந்துட்டு வந்திருக்கீங்க. இப்படி ஒரு பேக்-செக் நான் பாத்ததே இல்ல. எப்படித் தோணுச்சு?”

“ஆர்வம் மேடம்” என்றேன். நிவேதா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

இடம் அவளுக்குப் போனது. அவள் டேட்டாவுக்கு முத்திரை குத்திக் கொடுத்த கை என்னுடையது.

என் தீசிஸுக்காக மலையில் மறுபடி முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். இந்தமுறை போன் பைக்குள் இருந்தது. முதலில் உட்கார்ந்து பேச்சு, பிறகு ‘மாட்ட எங்க கட்டுவீங்க?’ என்ற கேள்வி, எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் போட்டோ. முடித்துவிட்டு வந்ததும், பேக்-செக்குக்கு யாரை அனுப்பலாம் என்று மேடம் கேட்டார். ஒரு நண்பன் இருந்தான். டீக்கடையில் உட்கார்ந்தபடியே எல்லாம் சரி என்று எழுதிக் கொடுப்பான். வாய்வரை வந்த அவன் பெயரை விழுங்கிவிட்டு, “நிவேதாவையே அனுப்புங்க” என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. உங்கள் டேட்டாவைப் பிரியமானவர் கையில் கொடுக்காதீர்கள். உங்களைப் பார்த்து வயிறு எரிகிறவராகத் தேடிப் பிடியுங்கள். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட இதுவரை யாரும் முன்வராததால், நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேனோ அவளை வைத்தே சமாளிக்க வேண்டியிருந்தது.

அவள் போய்விட்டு வந்து இரண்டு பிழை சொன்னாள். நானும் விடாமல் மலையேறிப் போய்ப் பார்த்தேன். இரண்டும் பிழைதான்.

இன்னும் எரிகிறது.