இடது பக்கத்து ஸ்பிரிங்

இந்த நாட்டில் வண்டிக்குக் காற்று அடிக்க ஆள் கிடையாது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு பெட்டி நிற்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்று அதில் எண்ணைத் தட்டிவிட்டு, மழையில் மண்டிபோட்டு, குழாயை நாமே டயரில் மாட்ட வேண்டும். போதும் என்றால் அது கத்தும். அதெல்லாம் பழகிவிட்டது. அடித்த காற்றைப் பிடுங்கச் சொல்வதுதான் இன்னும் பழகவில்லை. அடுத்த வீட்டுக்காரர் கீத், எழுபதைத் தாண்டியவர், பாதி வார்த்தையை மென்று தின்றுவிட்டு மீதியைப் பேசுபவர். நான் முப்பத்திரண்டு அடித்துக்கொண்டு வந்த டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "டூ மச்" என்றார். பதினெட்டுக்கு இறக்கினார். எங்கள் ஊர் செஞ்சியில் பதினெட்டு என்றால் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

அது கிட் கார். முழுக் காராக விற்க மாட்டார்கள். பெட்டி பெட்டியாகத் துண்டுகளை அனுப்புவார்கள், வாங்கியவன் வீட்டில் வைத்து ஒன்றாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். கூரை இல்லை, கதவு இல்லை, இரண்டே இருக்கை. சாதாரணக் காரின் பாதி எடைகூட வராது. நம் ஊரில் இதைக் காட்டினால் மீதி எங்கே என்று கேட்பார்கள். நான் கார் பைத்தியம் பிடித்தவன் இல்லை. என் மனைவி விமலா இங்கே திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் இதைக் கட்டினேன். படிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

விமலா இங்கே இரண்டு குளிர்காலம் இருந்தாள். டி.பார்ம் படித்தவள். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குப் போனாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காதது மூடிய ஜன்னல்கள். வீடு, பஸ், வேலை செய்யும் இடம் எல்லாம் அடைத்தே கிடக்கும். "இன்னா ஊரு மாமா இது, காத்தே படாம கெடந்து சாவறாங்க" என்பாள். என் அத்தை மகள், அதனால் மாமா. அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனவள், அத்தை தேறிய பிறகும் வரவில்லை. செஞ்சி கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் வைத்துவிட்டாள். நான் காற்று என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். கூரையில்லாத காரில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் வயல் இருக்கும் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனால் மனம் மாறுவாள் என்று நினைத்தேன். மழை விடாத நாட்டில் கூரையில்லாத கார். என் மூளை அவ்வளவுதான்.

கட்டும்போதும் ஊர் புத்திதான் வேலை செய்தது. படிப்பு முடிந்து வேலை கிடைக்கும் வரை நான் செஞ்சியில் லோடு வண்டி ஓட்டியவன். அறுவடைச் சமயத்தில் மேல்சித்தாமூரிலும் தொண்டூரிலும் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கமிட்டிக்கு வருவேன். நெல் விற்கும் விற்பனைக்கூடத்தை அங்கே கமிட்டி என்றுதான் சொல்வோம். ஒரு டன் வண்டியில் இரண்டு டன் போவது எங்களுக்குச் சாதாரணம். அதற்காகப் புது வண்டி வந்ததும் நேராகப் பட்டறைக்குப் போய், பின் ஸ்பிரிங்கில் அடுக்கும் இரும்புப் பட்டையில் இரண்டைக் கூடுதலாகச் சேர்ப்போம். டயரில் கல் மாதிரி காற்று அடிப்போம். வண்டி என்றால் தாங்க வேண்டும், வேறொன்றும் எங்களுக்குத் தெரியாது. அதே நினைப்பில் இந்தப் பொம்மைக் காருக்கு அகலமான டயரும், இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கும் வாங்கிப் போட்டேன். முதல் நாள் கார் ஓடவில்லை, குதித்தது. ஈர ரோட்டில் திரும்பும்போது பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. எடை இல்லாத வண்டியால் அகலமான டயரை ரோட்டில் அழுத்த முடியாது, டயர் சூடாகாது, பிடிக்காது என்றார் கீத். ஸ்பிரிங்கும் அப்படித்தான். சுமக்க ஒன்றும் இல்லாவிட்டால் அது வண்டியையே தூக்கி எறியும். எல்லாவற்றையும் கழற்றினோம். ஒல்லியான, மெத்தென்ற டயரும் பாதி பலமுள்ள ஸ்பிரிங்கும் போட்டோம்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு ஸ்பிரிங்கின் கீழேயும் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகினால் அந்த மூலை உயரும், இறக்கினால் தாழும். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு தராசு வைத்து, எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்று பார்த்துத் திருக வேண்டும். கீத் யாரிடமோ தராசுகளை இரவல் வாங்கி வந்தார். "ஒன் அப் ஆர் டூ அப்?" என்று கேட்டார். ஒரு பக்கம் தூக்கவா, இரண்டு பக்கமும் தூக்கவா என்று கேட்கிறார் என நினைத்து, "போத் அப்" என்றேன். தலையாட்டினார். "ஹௌ ஹெவி இஸ் ஷி?" என்றார். இவர்கள் காரை அவள் என்று சொல்வார்கள். "ஃபைவ் ஹன்ட்ரட் கிலோ" என்றேன். கீத் ஸ்பானரைக் கீழே வைத்தார். "யுவர் வைஃப்?" என்றார்.

ஒன் அப் என்றால் ஓட்டுபவன் மட்டும். டூ அப் என்றால் பக்கத்தில் இன்னொரு ஆள். இவ்வளவு லேசான வண்டியில் ஒரு ஆள் கூட ஏறினாலே கணக்கு மாறிவிடும். அதனால் யாருக்காகத் திருகுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். டூ அப் என்றேன். என் மனைவி வருவாள் என்றேன்.

அன்றைக்கே விமலாவுக்குப் போன் செய்தேன். கடையில் இருந்தாள்.

"உன் வெயிட்டு எவ்ளோ?"

"இன்னாத்துக்கு? ஜோசியக்காரன் கேட்டானா?"

"சொல்லுடி."

"இரு மாமா. பெரியவரே, இது சாப்ட்டப்புறம், இது வெறும் வயித்துல. மாத்திப் போட்டுக்கினு வந்து என்ன திட்டாத." பிறகு என்னிடம், "கட வாசல்ல மிஷினு இருக்குது, ஏறிப் பாக்கறேன். அம்பத்தெட்டு. செருப்போட."

"செருப்ப கழட்டிட்டுப் பாரு."

"செருப்புல இன்னா வந்துடப் போவுது? பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இவ்ளோ கேள்வி கேக்கல."

காருக்காகக் கேட்கிறேன் என்றேன். நீ உட்காரும் இடது பக்கத்து ஸ்பிரிங்கை உன் எடைக்குத் திருக வேண்டும் என்றேன். போனில் அவளுக்குப் பின்னால் திருவண்ணாமலைக்கு ஆள் கூப்பிடும் கண்டக்டர் குரல் கேட்டது.

"எனக்குன்னு அதுல ஒண்ணும் திருகாத மாமா. நான் வரல. ஒனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே கேக்குற."

"ஒனக்குன்னுதான அந்தக் கார கட்னேன்."

"நானா காரு கேட்டேன்? இங்க என்ன மெடிக்கல் அம்மான்றாங்க. அங்க என் பேரே எவன் வாயிலயும் நொழையல. நீ வந்துடு. டிக்கெட்டு போட்டுட்டு சொல்லு."

"வந்து? கமிட்டிக்கு மூட்ட அடிக்கவா?"

"அடிச்சா இன்னா? அடிச்சவன்தான நீ."

"சாப்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

எனக்குப் பெண்டாட்டியை அடக்கத் தெரியவில்லை என்கிறார்கள் ஊரில். ஒரு குழந்தை இருந்திருந்தால் ஓடி வந்திருப்பாள் என்கிறார்கள் இங்கே இருக்கும் நம் ஆட்கள். இரண்டு கூட்டத்தின் வாயிலும் மண் விழட்டும். அவள் சொல்வதில் தப்பு இல்லை. என் பக்கமும் தப்பு இல்லை. நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறேன். அந்த மாதிரி இயந்திரம் செஞ்சியில் கிடையாது, சுற்றுவட்டாரத்திலும் கிடையாது. நாற்பது வயதுக்கு மேல் அங்கே போய் அவள் கடையில் பில் போட்டுக்கொண்டு உட்கார என்னால் முடியாது. அவளாலும் இங்கே வந்து மறுபடி விரிப்பு மாற்ற முடியாது. யாராவது ஒருவர் மேல் தப்பு இருந்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். கட்டிலில் நான் படுக்கும் பக்கம் மருந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, கடையில் இடம் பத்தவில்லை. "இரு, எடுத்து வெச்சிட்றேன்" என்று அவசரமாகத் தூக்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பெட்டியோடு கூடத்தின் நடுவில் நின்றாள். கடைசியில் ஜன்னலோரமாக அடுக்கினாள். ஜன்னலில் தெரிந்த ராஜகிரி மலை மறைந்துபோனது. நான் இருந்த நாள் முழுக்க அந்த வீட்டில் பகலிலும் லைட் எரிந்தது. நான் கிளம்பி வந்த பிறகு பெட்டிகள் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தும் சனிக்கிழமை கீத் வருவதற்குள் நான் மூன்று அரிசி மூட்டை வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் இருபது கிலோ. ஒன்றிலிருந்து இரண்டு கிலோவை அள்ளி எடுத்துவிட்டு, மூன்றையும் இடது இருக்கையில் அடுக்கி பெல்ட்டைப் போட்டேன். கீத் வந்து பார்த்தார். "வாட்ஸ் திஸ்?" என்றார். "பொன்னி" என்றேன். அரிசியின் பெயரைத்தான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, குனிந்து, மூட்டைகளைப் பார்த்து, "நைஸ் டு மீட் யூ, பொன்னி" என்றார்.

திருத்தவில்லை. ஓட்டும் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். ஆடாமல் இருக்கச் சொன்னார். தராசுகளைப் பார்த்துப் பார்த்து இடது பக்கம் திருகினார், வலது பக்கம் திருகினார், மறுபடி இடது பக்கம் போனார். நான் திரும்பாமலே மூட்டைகளைப் பார்த்தேன். மேல் மூட்டை சரிந்து பெல்ட்டில் சாய்ந்திருந்தது. பஸ்ஸில் தூங்கினால் விமலாவும் அப்படித்தான் சாய்வாள்.

கீழே இறங்கினேன். பெல்ட்டைக் கழற்றி, மூன்று மூட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்ச் சமையலறையில் போட்டேன். கீத் ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தார். "ஒன் அப்" என்றேன்.

"பொன்னி நாட் கமிங்?"

"நோ."

"டஸ்ன்ட் லைக் கார்ஸ்?"

"நோ" என்றேன். "ஷி டஸ்ன்ட்."

"மைன் நெய்தர்" என்றார். அவர் மனைவிக்கும் பிடிக்காதாம். அவருக்கு அது அவ்வளவுதான்.

மறுபடி ஏறி உட்கார்ந்தேன். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை இடது பக்கத்தில் அதிக வேலை இல்லை. வளையத்தை அது போகும் அளவுக்குக் கீழே இறக்கிவிட்டு, என் பக்கம் வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். கடைசியில் காரின் முன்னால் குந்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் இருந்தபடி கார் நேராக நின்றது. கட்டைவிரலைக் காட்டினார்.

இறங்கினேன். என் பக்கம் ஒரு விரல் அளவு மேலே வந்தது. கார் இடது பக்கம் சாய்ந்தது. அவள் உட்கார வேண்டிய பக்கம். ஏதோ தப்பாகிவிட்டது என்று கீத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து தராசுகளை எடுத்துக்கொண்டிருந்தார். காலியாக இருக்கும்போது அது அப்படித்தான் நிற்கும் என்றார்.